மாதாமாதம் நல்ல செய்தி அனுப்பிய நிறுவனமும் என் ஒன்பது லட்சம் அட்வான்ஸும்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்தேகாலுக்கு போன் வந்தது. நாங்கள் கணக்கு எழுதிக் கொடுக்கிற வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் இருக்கிறார்கள். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே ஐந்தரை, அதனால் எங்கள் அலுவலகம் இருட்டோடு திறந்துவிடும். முதல் கேப் வண்டியில் வந்து இறங்கிய இரண்டு பெண்கள் மூன்றாவது மாடிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசினார்கள். "மேடம், கதவுல வேற பூட்டு போட்டிருக்காங்க. பக்கத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு." போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கட்டட உரிமையாளரின் வக்கீல் கையெழுத்துப் போட்ட தாள். எங்களுக்கு அந்த இடத்தை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் பல மாத வாடகை பாக்கி வைத்திருப்பதால் மாடியைத் தன் வசம் எடுத்துக்கொள்வதாக அதில் இருந்தது. அதில் எங்கள் பெயரே இல்லை. நாங்கள் அந்தத் தேதி வரை ஒரு மாதம் கூட வாடகையைத் தவறவிட்டதில்லை. ஆனால் எங்கள் 18 கணினிகளும், சர்வரும், வாடிக்கையாளர்களின் கணக்குக் கோப்புகளும் அந்தப் பூட்டுக்கு உள்ளே இருந்தன.

இதை எழுதுவதற்குக் காரணம், அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டும், இப்படி உரிமையாளருக்கும் நமக்கும் நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்து இடம் எடுப்பதில் என்ன ஆபத்து என்று எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் கிடைக்கவில்லை. எல்லாரும் நடந்த பிறகுதான் "ஆமாம், அப்படித்தான் ஆகும்" என்றார்கள். இன்று யாராவது பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறேன். கொரோனா சமயத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம், 2022 நடுவில் மறுபடி ஓர் இடம் வேண்டும் என்று ஆனது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த நேரம், பாதிச் சாலையைத் தடுப்பு வைத்து மறைத்திருப்பார்கள், இருந்தாலும் எங்கள் ஊழியர்கள் பாதிப் பேர் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் என்பதால் பெருங்குடிதான் சரியாக வந்தது. நேராக உரிமையாளரிடம் போனால் மொத்த மாடியையும் எடுக்கச் சொல்கிறார்கள், உள்வேலை எல்லாம் நாமே செய்ய வேண்டும். அப்போதுதான் இந்த நிறுவனம் கண்ணில் பட்டது. வணிகக் கட்டடங்களுக்கு மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம். எந்த மாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஏசி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, யார் உள்ளே வந்தார்கள் என்பதையெல்லாம் ஒரே செயலியில் காட்டுவார்கள். முதலில் அதைக் கட்டட உரிமையாளர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள், பிறகு தாங்களே மாடிகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, மேசை நாற்காலி போட்டு, சீட் கணக்கில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சீட்டுக்கு மாதம் 8,500 ரூபாய். 18 சீட்டுக்கு 1,53,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 27,540. ஆறு மாத வாடகை அட்வான்ஸ், அதாவது 9,18,000. இரண்டு வருடம் லாக்-இன், அதற்கு முன்னால் நாங்கள் காலி செய்தால் மீதி மாதத்து வாடகையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் தேதி உள்ளே போனோம். இரண்டு கண்ணாடித் தடுப்பு அறைக்கும் தனி நெட்வொர்க் வயரிங்குக்கும் என் கைக்காசு 2,35,000 செலவு செய்தேன்.

இங்கேதான் என் முதல் தவறு. ஒப்பந்தம் 22 பக்கம், எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் விட்டது எனக்குக் கொடுக்கப்படாத ஒப்பந்தத்தை, அதாவது அவர்கள் கட்டட உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தை. அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் உரிமையாளரிடம் ஒன்பது வருடத்துக்கு எடுத்திருந்தார்கள், எங்களுக்கு இரண்டு வருடத்துக்குக் கொடுத்தார்கள். எங்களைப் போன்றவர்கள் போய்விட்டால் அவர்களுக்கு வருமானம் நின்றுவிடும், ஆனால் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியது நிற்காது. இந்தத் தொழிலின் அடிப்படை ஆபத்தே இதுதான். அமெரிக்காவில் இதே மாதிரி இடம் எடுத்து அலுவலகங்களுக்குக் கொடுக்கிற வீவொர்க் நிறுவனத்தை 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள், 2023 நவம்பரில் அது திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. இந்தியாவில் அந்தப் பெயரில் நடப்பது தனி நிறுவனம், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக்கூடாது. ஆனால் அந்தச் செய்தியை நான் பெருங்குடி அலுவலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன், நாம் உட்கார்ந்திருப்பதும் அதே மாதிரியான ஏற்பாட்டில்தானே என்று ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஏன் யோசிக்கவில்லை என்றால், எனக்கு மாதாமாதம் நல்ல செய்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், நிறுவனத்தின் புதிய செய்திகள் என்று. முதல் வருடம் அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. பெருங்குடி மாடியில் 140 சீட்டில் 122 நிரம்பிவிட்டது, ஏசி புகார்களைச் சராசரியாக மூன்று மணி நேரத்தில் சரிசெய்தோம், இந்த மாதம் மின்சாரம் இவ்வளவு மிச்சம் என்று எண்ணோடு எழுதுவார்கள். சின்ன நிறுவனம், இளம் வயதுக்காரர்கள், வேலையை ஆசையாகச் செய்கிறார்கள் என்று எனக்கு அவர்கள் மேல் ஒரு பாசமே இருந்தது. நானும் சின்னதாகத் தொடங்கியவள்தானே.

2023 ஜூலைக்குப் பிறகு அந்த மின்னஞ்சலில் எண்கள் மாறின. இப்போது எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. எத்தனை சீட் நிரம்பியது என்பது காணாமல் போனது. அதற்குப் பதிலாக "நாங்கள் நிர்வகிக்கும் மொத்த சதுர அடி" என்று ஒரு பெரிய எண் வந்தது. அந்தச் சதுர அடியில் பெரும்பகுதி வேறு கட்டடங்களில் இவர்களுடைய மென்பொருள் மட்டும் ஓடுகிற பரப்பு, வாடகை வருகிற பரப்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செயலியில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எந்தக் கருத்தரங்கில் பேசினார்கள், யாரோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள் என்றெல்லாம் வரும், காசு வந்ததா என்று மட்டும் வராது. அக்டோபரில் புதிய லோகோ, புதிய பெயர். அந்த மின்னஞ்சலுக்கு நான் வாழ்த்து வேறு அனுப்பினேன். அதற்கு முந்தைய மாதம்தான் அவர்களுடைய இயக்குநர்களில் இரண்டு பேர் விலகியிருந்தார்கள். செய்தி மடலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஆனால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதே தளத்தில், 2023 செப்டம்பரில் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் வாங்கி அதற்கு ஈடு எழுதிக் கொடுத்திருந்ததும் பதிவாகியிருந்தது. கம்பெனி பெயரைப் போட்டால் ஈடுகளின் பட்டியல் வந்துவிடும். கணக்கு அறிக்கைகளைத் திறந்து படிக்க வேண்டுமென்றால் நூறு ரூபாய். ஒன்பது லட்சம் கொடுப்பதற்கு முன்னால் நான் அந்த நூறு ரூபாயைச் செலவு செய்யவில்லை. கணக்கு எழுதுவதே என் தொழில், அடுத்தவர் கணக்கைப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. நம்பிக்கை வந்துவிட்டால் பார்க்கத் தோன்றாது, அவ்வளவுதான்.

அப்புறம் டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி முழுக்கத் தண்ணீர். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர் மூழ்கியது, ஐந்து நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் ஜெனரேட்டரைச் சரிசெய்யவில்லை, கேட்டால் இன்சூரன்ஸ் வரணும் என்றார்கள். காபி மெஷினைக் கொடுத்தவர்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் ஆறு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். புயலால் இப்படி என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் ஒரு சலுகை வந்தது, அடுத்த 12 மாத வாடகையை இப்போதே மொத்தமாகக் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று. சத்தியமாகச் சொல்கிறேன், கையில் காசு இருந்திருந்தால் கட்டியிருப்பேன். புயல் வாரத்தில் வேலை நின்று பில் போட முடியாமல் போனதால் காசு இல்லை, அதனால் தப்பித்தேன். எங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்த ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர் கட்டிவிட்டார். நல்ல வட்டிக்கு வங்கியில் கடன் கிடைக்கிற நிறுவனம் வாடகைதாரருக்கு 15 சதவீதம் விட்டுக்கொடுத்து முன்பணம் கேட்காது. அந்தச் சலுகையை வேறெங்கும் காசு புரளவில்லை என்பதற்கான அறிவிப்பாகத்தான் படித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடத் தெளிவான எச்சரிக்கை என் மேசைக்கே வந்தது. எங்களுக்கு வருமானம் எல்லாம் ஏற்றுமதி என்பதால், வாடகைக்குக் கட்டுகிற ஜிஎஸ்டி எங்களுக்குத் திரும்ப வரும். ஆனால் அது வர வேண்டுமென்றால் வாடகை வாங்குகிறவர் தன் விற்பனைக் கணக்கை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும், செய்தால் 14ஆம் தேதி, எங்களுக்கு மற்றவர்கள் போட்ட பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் தெரியும். ஜனவரி நடுவில் என் ஆடிட்டர் கூப்பிட்டார். "மேடம், நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசமும் உங்க வாடகை பில் 2பில வரல. அவங்க ரிட்டர்ன் போடல. கேளுங்க." கேட்டேன். கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார்கள், அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது. அதே வாரம் வந்த செய்தி மடலில் கோயம்புத்தூரில் புதிய மாடி திறக்கப்போவதாக இருந்தது. ரிட்டர்ன் போடக் காசில்லாதவர்கள் எப்படிப் புதிய மாடி திறப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் அந்தச் செய்தியைப் பார்த்து ஆறுதல் அடைந்தேன்.

இடம் தேடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளே நுழையாமலே யாருடைய ஜிஎஸ்டி எண்ணையும் போட்டு, எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார்கள் என்று பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு நிறுவனம் தள்ளாடத் தொடங்கினால் முதலில் தாமதமாவது இந்தத் தேதிகள்தான். வரி கட்டுகிற மாத ரிட்டர்ன் 20, 20, 20 என்று போய்க்கொண்டிருந்தது 28, அடுத்த மாதம் 15 என்று தள்ளிப் போயிருந்தால் அங்கே காசு தட்டுப்பாடு. இடம் கொடுத்தவரின் ஜிஎஸ்டி எண்ணை வைத்து மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். நான் இப்போது புதிய இடத்துக்கு மட்டுமல்ல, கேப் வைத்திருப்பவர், இன்டர்நெட் கொடுப்பவர் எல்லாருக்கும் பார்க்கிறேன்.

இன்னொன்று, அந்த மாடியில் வேலை பார்க்கிற மனிதர்களோடு பேசுங்கள். எங்கள் மாடிப் பொறுப்பாளர் மதுரைப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும், காலை ஐந்து மணிக்கு எங்களுக்காகவே வந்து கதவு திறப்பார். அவர் ஜனவரியிலிருந்து பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்டது மார்ச்சில். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, பைக்கை விற்றுவிட்டார். நான் ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தால் எனக்கு இரண்டு மாதம் கிடைத்திருக்கும், அவருக்கும் யாரிடமாவது சொன்ன ஆறுதல் இருந்திருக்கும்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். அன்று காலை ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கீழே நான்கைந்து நிறுவனத்துக்காரர்கள் நின்றார்கள். நிறுவனத்தின் எண் எதுவும் எடுக்கவில்லை. என் வக்கீல் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வாடகைதாரரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்பது சரி, ஆனால் உங்களுக்கும் உரிமையாளருக்கும் நடுவில் ஒரு தாள் கூட இல்லை, உங்கள் ஒப்பந்தம் வாடகை ஒப்பந்தம் கூட இல்லை, சேவை ஒப்பந்தம் என்று தலைப்புப் போட்டிருக்கிறது. தடை உத்தரவு வாங்கலாம், சில நாட்கள் ஆகும். நாளைக்கே கணினி வேண்டுமென்றால் நேரில் போய்ப் பேசுங்கள் என்றார்.

உரிமையாளர் வீடு அடையாறில். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, எழுபதைத் தாண்டியவர். கோபத்தோடுதான் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, மனைவியிடம் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் விரித்தார். "அஞ்சு மாசமா வாடகை வரலம்மா. வாடகைல வரின்னு பிடிச்ச டிடிஎஸ்ஸைக் கூட அவங்க கட்டல, என் வருமான வரிக் கணக்குல, அந்த 26ஏஎஸ்ல ஒண்ணுமே ஏறல. என்கிட்ட அவங்க கொடுத்த அட்வான்ஸ் இந்தப் பாக்கிக்கே சரியாப் போச்சு. உங்க அட்வான்ஸ் என் கைக்கு வரவே இல்லையேம்மா." பிறகு அவர் காட்டியதைப் பார்த்துதான் எனக்குத் தொண்டை அடைத்தது. அவருக்கும் அதே நிறுவனத்திடமிருந்து மாதாமாதம் செய்தி மடல் போயிருக்கிறது, உரிமையாளர்களுக்கென்று தனியாக. ஜனவரி மடலில் அவருடைய மாடி 92 சதவீதம் நிரம்பியிருப்பதாக எழுதியிருந்தார்கள். நான் தினமும் அந்த மாடியில் நடக்கிறவள், 140 நாற்காலியில் அறுபது நிரம்பியிருந்தால் அதிகம். நான் கோயம்புத்தூர் செய்தியை நம்பினேன், அவர் என் மாடியைப் பற்றிய செய்தியை நம்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெருங்குடிக்கும் அடையாறுக்கும் உள்ள தூரம்தான், ஒரு தடவை போன் பேசியிருந்தால் போதும். உரிமையாளரின் எண்ணை வாங்கி வைத்திருக்கவும் இல்லை, இரண்டு வருடத்தில் அவரைச் சந்திக்கவும் இல்லை.

அவர் நல்ல மனிதர். இரண்டாவது நாள் பூட்டைத் திறந்துவிட்டார். ஒரு மாதம் இருந்துகொண்டு வேறிடம் பார்க்கச் சொன்னார், அதற்கு 1,20,000 வாங்கிக்கொண்டார், அவர் நிலைமையில் அது நியாயம்தான். அந்த இரண்டு நாளில் பெர்த்தில் ஒரு வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல் தாமதமானது. அவர் கோபப்படவில்லை, மன்னிப்பும் ஏற்றுக்கொண்டார், அடுத்த மாதம் அமைதியாக வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். மாதம் ஒன்றரை லட்சம் வந்துகொண்டிருந்த வேலை. மற்ற கணக்கெல்லாம் எழுதுகிறேன். அட்வான்ஸ் 9,18,000. நவம்பரிலிருந்து மார்ச் வரை கட்டிய, திரும்பி வராத ஜிஎஸ்டி 1,37,700. விட்டுவிட்டு வந்த கண்ணாடியும் வயரிங்கும் 2,35,000. இடம் மாற்றிய செலவு 68,000, வக்கீலுக்கு 75,000, அந்த ஒரு மாதத்துக்கு 1,20,000. மொத்தம் 15,53,700 ரூபாய். வீட்டில் மகளுக்காகப் போட்டு வைத்திருந்த நிரந்தர வைப்பை உடைத்தேன். கணவரிடம் தொகையை மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடிந்தது.

மார்ச் 20 வாக்கில் செயலியும் நின்றுவிட்டது. அட்வான்ஸ் ரசீது, ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி, புகார் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். பில்கள் மின்னஞ்சலில் இருந்தன, ரசீதுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையை வைத்துச் சமாளித்தேன். ஒப்பந்தத்தின் பிரதி என் பழைய மடிக்கணினியில் தற்செயலாக இருந்தது. எந்த நிறுவனத்தின் செயலியில் என்ன இருந்தாலும் அன்றே இறக்கி நம்மிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. கதவு திறப்பதற்காக எங்கள் 18 பேரின் விரல் ரேகையும் அந்த அமைப்பில் பதிவாகியிருந்தது. அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. என் ஊழியர்களுக்கு நான் என்ன சொல்வது?

சட்டத்தின் பக்கம் என்ன செய்ய முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். திவால் சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சத் தொகை முன்பு 1 லட்சமாக இருந்தது, 2020 மார்ச்சில் 1 கோடி ஆக்கிவிட்டார்கள். என் ஒன்பது லட்சத்துக்கு அந்தக் கதவு இல்லை. வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம், 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறுகளை அங்கே எடுப்பார்கள், ஆனால் அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்கு மனுக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தோம், எதிர்த் தரப்பு வரவே இல்லை. வழக்குப் போடத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், எனக்கு 27,540 ரூபாய். அதைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, 2024 நவம்பரில், கடன் கொடுத்த நிதி நிறுவனம் போட்ட மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றுக்கொண்டால் அந்த நிறுவனத்தின் மேல் வேறு வழக்கு எதுவும் நடத்த முடியாது, எல்லாரும் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வாளரிடம் தங்களுக்கு வர வேண்டியதைக் கோரிக்கையாகக் கொடுக்க வேண்டும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும், திவால் வாரியத்தின் இணையதளத்திலும் வரும், நியமித்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம். எனக்கு யாரும் தனியாகக் கடிதம் போடவில்லை. எதிர்ப் பக்கத்து விளம்பர நிறுவனத்துக்காரர் பத்தாவது நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால்தான் தெரிந்தது. இப்படி யாரிடமாவது காசு மாட்டியிருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரை வாரியத் தளத்தில் வாரம் ஒரு முறை தேடிப் பாருங்கள். ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை, எங்களைப் போன்றவர்கள் வரிசையில் கீழே. எவ்வளவு வரும் என்று வக்கீல் எந்த உறுதியும் தரவில்லை.

இப்போது இருப்பது மேடவாக்கத்தில், நேராக உரிமையாளரிடமே எடுத்த சின்ன இடம். மூன்று மாத அட்வான்ஸ்தான் தருவேன் என்று நின்றேன், தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டமே அந்த அளவைத்தான் பேசுகிறது, வேறு மாதிரி இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் தவிர. மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் நாளைக்கு அது வெறும் தாளுக்குச் சமம். உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, 2024 அக்டோபர் 10 முதல் அப்படிப்பட்ட வணிக வாடகைக்கு ஜிஎஸ்டியை வாடகைதாரரே கட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அதனால் அதை நானே கட்டுகிறேன், அது பெரிய சிரமமில்லை. மறுபடி எப்போதாவது நடுவில் ஒரு நிறுவனம் வைத்து எடுக்க நேர்ந்தால் மூன்றைக் கேட்பேன்: உரிமையாளரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தின் பிரதி, உள்வாடகைக்கு விடலாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதம், அவர்கள் வாடகை கட்டாமல் போனால் நான் நேராக உரிமையாளருக்குக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் தொடரலாம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம். மூன்றாவதைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவேன்.

அந்த மாடிப் பொறுப்பாளர் இப்போது எங்களிடம் இருக்கிறார், அலுவலக நிர்வாகம் முழுக்க அவர் பொறுப்பு. தீர்ப்பாய அறிவிப்பு வந்த அன்று அவருக்கும் கோரிக்கை கொடுக்க உரிமை இருக்கிறது, ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்குத் தனிப் படிவம், அது எங்கள் வரிசைக்கு மேலே வரும் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அவருடைய நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் எடுத்து அவருடைய படிவத்தை முதலில் நிரப்பினோம். வர வேண்டியது நான்கு மாதச் சம்பளம், 1,04,000. என்னுடையதை மறுநாள் காலையில் அனுப்பினேன்.